கறவை மாட்டுத் தீவனத்தில் கொழுப்பைக் கூட்டும்போது தாது உப்பைக் கணக்கிடும் முறை

எண்ணெய் கொடுத்தால் பாலில் கொழுப்புக் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அளவு மீறினால் நடப்பது பெரும்பாலும் நேர்மாறானது. எண்ணெயிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், அசைவயிற்றில், அதாவது மாட்டின் முதல் வயிற்றில், நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளை ஒடுக்குகின்றன. அதோடு நில்லாமல், கால்சியத்துடனும் மெக்னீசியத்துடனும் சேர்ந்து கரையாத சோப்பாக மாறுவதால், அத்தாதுக்களில் ஒரு பகுதி உடலில் சேராமல் சாணத்தோடு போய்விடுகிறது. எனவே கொழுப்பையும் தாது உப்பையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில், மாடு நாள்தோறும் தின்னும் தீவனத்தில் ஈரம் நீங்கலான எடையை, அதாவது உலர்பொருளை, மதிப்பிட வேண்டும். அது 15 கிலோ என்று கொள்வோம். மொத்தக் கொழுப்பு அதில் 6 சதவீதத்தை, அதாவது 900 கிராமை, தாண்டாமல் இருப்பது நல்லது. தீவனத்திலேயே ஏறத்தாழ 3 சதவீதம் கொழுப்பு இருப்பதால், கூடுதலாகச் சேர்க்க 450 கிராம் வரைதான் இடமுண்டு. இது உச்ச வரம்பே தவிர இலக்கு அன்று. அதிலும் முழுவதையும் எண்ணெயாக ஊற்றிவிடக் கூடாது. 1 கிலோ முழுப் பருத்திக்கொட்டையில் சுமார் 180 கிராம் எண்ணெய் இருக்கிறது. மாடு அசைபோடப் போட அது மெல்லத்தான் வெளிவரும் என்பதால் தீங்கு குறைவு. மீதியை, அசைவயிற்றில் கரையாமல் அமிலம் மிகுந்த நான்காம் வயிற்றில் பிரியும் பைபாஸ் கொழுப்பாகக் கொடுக்கலாம். எதையும் இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

அடுத்தது தாது உப்பு. கொழுப்பு சேர்க்கும்போது, உலர்பொருளில் கால்சியத்தை வழக்கமான 0.65 சதவீதத்திலிருந்து 0.9 சதவீதத்துக்கும், மெக்னீசியத்தை 0.2 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதத்துக்கும் உயர்த்துவது பொதுவான வழிகாட்டுதல். 15 கிலோ உலர்பொருளுக்கு இது சுமார் 100 கிராம் சுண்ணாம்புக்கல் தூளும், 28 கிராம் மெக்னீசியம் ஆக்சைடும் ஆகும். வழக்கமாகத் தூவும் 50 கிராம் தாது உப்புக் கலவை இந்த இடைவெளியை நிரப்பாது. பைபாஸ் கொழுப்பு கால்சியம் உப்பாக இருந்தால், அதிலுள்ள 7 முதல் 9 சதவீதக் கால்சியத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாஸ்பரஸ் தேவையளவு இருக்கும் வரை, கால்சியம் அதைப் போல் இரு மடங்கைச் சற்றுத் தாண்டினாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

அளவு மீறிவிட்டதா என்பதைச் சாணமே காட்டிவிடும். ஒரு கைப்பிடிச் சாணத்தைச் சல்லடையில் இட்டு நீர் தெளியும் வரை அலசினால், அளவு மீறியிருக்கும்போது செரிக்காத நார்த் துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக நிறையத் தங்கி நிற்கும். அதோடு தீவனம் தின்பதும் பாலின் கொழுப்பும் குறைந்தால், எண்ணெயைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

கன்று ஈனுவதற்கு முந்தைய 3 வாரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் உடலின் இயக்கம் மந்தப்பட்டு, ஈன்றவுடன் பால் காய்ச்சல், அதாவது இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு தளர்ந்துவிடும் நோய், வரும் வாய்ப்புக் கூடும் என்பதால், சுண்ணாம்புக்கல் தூளைக் கன்று ஈன்ற பிறகே தொடங்க வேண்டும்.