ரெவிட் பிளானில் தூணும் சுவரும் ஒழுங்காகத் தெரிய

செங்கல் ஹேட்ச் (வெட்டுப்பட்ட பகுதியை நிரப்பும் கோட்டு அமைப்பு) தூணுக்குள் ஓடுகிறது. ஒரு தூண் கறுப்பாக இருக்க, பக்கத்துத் தூண் வெறும் கோடாக நிற்கிறது. இப்போதுதான் போட்ட தூணையே காணோம். கட்டட மாடல் மென்பொருளான ரெவிட்டில் பிரிண்ட் எடுக்கும் நேரத்தில் வழக்கமாகக் கிளம்பும் தொல்லைகள் இவை. அவசரத்துக்கு ஃபில்டு ரீஜன் (பிளான்மேல் கையால் வரையும் நிரப்பு) போட்டுக் கறுப்படிக்க வேண்டாம். நாளைக்குத் தூண் 100 மி.மீ. நகர்ந்தால் அந்தக் கறுப்பு பழைய இடத்திலேயே கிடக்கும். செக்‌ஷனிலும் தவறு அப்படியே இருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது நம் ஊரில் அன்றாடம் வரும் கேஸ்: 230 மி.மீ. செங்கல் சுவர், அதற்குள் 230 × 450 ஆர்.சி.சி. தூண், 1:100 தளப் பிளான்.

முதலில் தூண் எந்த ஜாதி என்று பாருங்கள்

தூணைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பலகையைக் கவனியுங்கள். ‘காலம்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது ஆர்க்கிடெக்சுரல் தூண். ‘ஸ்ட்ரக்ச்சுரல் காலம்ஸ்’ என்றால் பாரம் தாங்கும் தூண். பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும். ஆர்க்கிடெக்சுரல் தூண், தான் சேர்ந்திருக்கும் சுவரின் மெட்டீரியலை எடுத்துக்கொள்ளும்; சுவரின் பூச்சு லேயர் அதைச் சுற்றி வரும். அதனால்தான் கான்கிரீட் என்று நினைத்துப் போட்டது செங்கல் ஹேட்சில் தெரிகிறது. இது பிழை இல்லை, அதன் வேலையே அதுதான்.

ஒன்றை மற்றொன்றாக டைப் மாற்ற முடியாது. ஸ்ட்ரக்ச்சர் டேபில் காலம் கருவியை எடுத்து, ‘அட் காலம்ஸ்’ கொடுத்து, இருக்கும் ஆர்க்கிடெக்சுரல் தூண்களைத் தேர்ந்தெடுத்து ஃபினிஷ் அழுத்தினால் அவற்றின் உள்ளேயே ஸ்ட்ரக்ச்சுரல் தூண்கள் உட்காரும். பூச்சு சுற்றிவர வேண்டுமென்றால் வெளித்தூணை விட்டுவையுங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

ஜாயின்

ஸ்ட்ரக்ச்சுரல் தூணாக இருந்தும் செங்கல் ஹேட்ச் அதற்குள் ஓடினால், தூணும் சுவரும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்று அர்த்தம். மாடிஃபை டேபில் ஜாயின் ஜியாமெட்ரியை எடுங்கள். மேலே ஆப்ஷன்ஸ் பாரில் ‘மல்ட்டிபிள் ஜாயின்’ டிக் செய்து, முதலில் தூணை, பிறகு அதைத் தொடும் சுவர்களை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். சுவர் தூணை வெட்டிவிட்டால் அதே மெனுவில் உள்ள ‘ஸ்விட்ச் ஜாயின் ஆர்டர்’ அதைத் திருப்பிவிடும்.

இதை வெறும் அழகு வேலை என்று தள்ளிவிடக் கூடாது. 3 மீட்டர் உயரத்துக்கு 0.23 × 0.45 × 3 = 0.31 கன மீட்டர். ஜாயின் செய்யாமல் சுவர் உள்ளே ஓடும் ஒவ்வொரு தூணுக்கும் இவ்வளவு செங்கல் வேலை ஷெட்யூலில் (அளவுப் பட்டியலில்) கூடுதலாக ஏறும். 20 தூண் என்றால் 6.2 கன மீட்டர். பில் போடுபவர் சந்தோஷப்படுவார், பணம் கொடுப்பவர் அல்ல.

எதிர்த் தொல்லையும் உண்டு: லிஃப்டின் கான்கிரீட் சுவரோடு சேர்த்ததும் தூணின் கோடே மறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே மெட்டீரியல் என்பதால் ரெவிட் ஒரே கான்கிரீட்டாகக் கரைத்துவிடுகிறது. சேர்த்து வார்ப்பதென்றால் அதுவே சரி. எம்25, எம்30 என்று கான்கிரீட் தரங்களைத் தனித்தனியாகக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு மெட்டீரியல் உருவாக்கிக் கொடுங்கள், கோடு திரும்பி வரும்.

சுவரின் முனை தூணைத் தாண்டி அடுத்த சுவரோடு ஒட்டிக்கொண்டால், முனையில் உள்ள நீலப் புள்ளியில் ரைட் கிளிக், ‘டிஸ்அலோ ஜாயின்’. பிறகு முனையைத் தூணின் முகம் வரை இழுத்து விடுங்கள்.

குட்டைச் சுவர் ஏன் வெட்டுப்படவில்லை

பிளானின் கட் ப்ளேன், அதாவது கட்டடத்தை வெட்டிப் பார்க்கும் மட்டம், வழக்கமாக 1200 மி.மீ.யில் இருக்கும். குளியலறையில் 1500 உயரத் தடுப்புச் சுவர் அதைத் தாண்டுகிறது, ஆனாலும் ஹேட்ச் இல்லாமல் மெல்லிய கோடாகத்தான் வரும். காரணம், 6 அடிக்கு, அதாவது 1829 மி.மீ.க்குக் குறைந்த சுவரை ரெவிட் பிளானில் வெட்டாது. இந்த உயரம் தரையிலிருந்து அளக்கப்படுவதில்லை; வியூ ரேஞ்சின் (பிளானில் எந்த உயரங்கள் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) பாட்டம் மட்டத்திலிருந்து சுவரின் உச்சி வரை அளக்கப்படுகிறது. அங்கேதான் வழி இருக்கிறது. வி, ஆர் தட்டி வியூ ரேஞ்சைத் திறந்து, பாட்டத்தையும் வியூ டெப்த்தையும் –400 ஆக்குங்கள். 1500 + 400 = 1900; சுவர் வெட்டுப்படும். தரைக்குக் கீழே உள்ள சங்கன் ஸ்லாப் (தாழ்த்திய தளம்) போன்றவை கூடவே எட்டிப் பார்க்கலாம், அதைச் சரிபாருங்கள்.

முழுப் பிளானையும் மாற்றாமல் ஒரு மூலைக்கு மட்டும் வேறு கட் ப்ளேன் வேண்டுமென்றால் ‘பிளான் ரீஜன்’ வரைந்து அதற்குத் தனி ரேஞ்ச் கொடுக்கலாம்.

போட்ட தூண் காணவில்லை

ஸ்ட்ரக்ச்சுரல் தூண் இயல்பாக ‘டெப்த்’ என்ற அமைப்பில் வைக்கப்படும். அதாவது நீங்கள் நிற்கும் லெவலிலிருந்து கீழே இறங்கும். வைக்கும்போதே ஆப்ஷன்ஸ் பாரில் ‘ஹைட்’ ஆக்கி, மேல் லெவலைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே வைத்துவிட்டால் ப்ராப்பர்ட்டீஸில் பேஸ் லெவல், டாப் லெவல் இரண்டையும் மாற்றினால் போதும், அழிக்கத் தேவையில்லை.

தூண் இருந்து சுவர்கள் மட்டும் மாயமானால் வியூவின் டிசிப்ளினை, அதாவது அது எந்தத் துறைக்கானது என்ற அமைப்பைப் பாருங்கள். ‘ஸ்ட்ரக்ச்சுரல்’ என்றிருந்தால் பாரம் தாங்காத சுவர்கள் ஒளிந்துகொள்ளும். ‘கோஆர்டினேஷன்’ ஆக்குங்கள்.

கறுப்பு நிரப்புவது கடைசியில்

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகுதான் வி, ஜி தட்டி விசிபிலிட்டி/கிராஃபிக்ஸைத் திறக்க வேண்டும். ஸ்ட்ரக்ச்சுரல் காலம்ஸ் வரிசையில் கட் பகுதியின் பேட்டர்னில் ஓவர்ரைடு கொடுத்து, ஃபோர்கிரவுண்டில் சாலிட் ஃபில், கறுப்பு. காலம்ஸ் என்பது வேறு வரிசை. அதை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று முழிப்பவர்கள் அதிகம். பூச்சு லேயர் தெரிய வேண்டுமென்றால் டீட்டெயில் லெவல் மீடியம் அல்லது ஃபைனில் இருக்க வேண்டும். கோர்ஸில் சுவரின் வெளிக்கோடும் கோர்ஸ் ஸ்கேல் ஃபில் பேட்டர்னும்தான் வரும்.

இந்த அமைப்புகள் மங்கலாகி, தொட முடியாமல் இருந்தால் வியூவுக்கு டெம்ப்ளேட் (பல வியூக்களுக்கான பொது அமைப்பு) போட்டிருக்கிறது. டெம்ப்ளேட்டை நீக்காதீர்கள். அதற்குள் போய் மாற்றுங்கள். அப்போதுதான் எல்லாத் தளங்களின் பிளானும் ஒரே மாதிரி வரும்.