ஹெட்டைப் பிரிக்கும் முன் பாயிண்டைப் பாருங்கள்

எனக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள தோப்புகளில் எரிந்துபோகும் போர்வெல் மோட்டார்களைப் பிரித்துக் காயில் கட்டிக் கொடுப்பேன். புல்லட் மெக்கானிக் இல்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடிய அளவுக்குத்தான் எனக்கும் தெரியும்.

சித்தப்பாவின் 1978 புல்லட் 350, தோட்டத்துச் சாளையில் தென்னை மட்டைகளோடு பதினோரு வருடம் நின்றது. அவர் போன பிறகு, “இரும்புக்குப் போடறதுக்கு முன்னால நீ ஒருக்காப் பாரு கண்ணு” என்றார் சித்தி. பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் நாலு உதை உதைத்துவிட்டு, “கம்ப்ரெஷன் இல்லீங்க, போர் அடிக்கணும்” என்று ஒரு தொகை சொன்னார். சிலிண்டருக்குள் காற்று இறுகவில்லை, அதைக் கடைந்து பெரிதாக்கிப் புது பிஸ்டன் போட வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தொகை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வண்டியும் ஓடுகிறது.

பல வருடம் நின்ற வண்டியில் கம்ப்ரெஷன் குறைவாகத் தெரிய மூன்று சாதாரணக் காரணங்கள் உண்டு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் காய்ந்திருக்கலாம், பிளக் ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். லீவரைப் பிடித்தால் வால்வைத் திறந்து காற்றை வெளியே விடுவது டிகம்ப்ரஸர்; அதன் கேபிள் இறுகி வால்வை லேசாகத் திறந்தே வைத்திருக்கலாம். லீவரில் கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும். வால்வைத் திறக்கும் கம்பிகளைத் தாங்கும் டேப்பெட் இறுக்கமாக இருக்கலாம். இந்த மூன்றையும் பார்த்த பிறகும் கிக்கர் பொதக்கென்று இறங்கினால் மட்டும் போர், பிஸ்டன் பற்றிப் பேசலாம். அது லேத் பட்டறை வேலை, வீட்டில் வேண்டாம்.

சாமான்கள் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டெஸ்ட் லாம்ப், மண்ணெண்ணெய், ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். ஸ்பானரில் மட்டும் கவனம் தேவை. இங்கிலாந்தில் பிறந்து 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான வண்டி இது. பழைய மாடல்களில் நிறைய நட்டுகள் இஞ்ச் கணக்கு. மில்லி ஸ்பானரைப் போட்டுத் திருகினால் முனை மழுங்கும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான். இஞ்ச் ஸ்பானர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

சரி, பாயிண்ட். பிளக்கில் பொறி வர, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான நொடியில் துண்டிக்கும் சுவிட்ச் அது. பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பு ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) படும்படி வைத்து, சாவியைப் போட்டுக் கிக்கரை அழுத்தினேன். மஞ்சளாக, சோம்பலாக ஒரு பொறி வந்தது. வர வேண்டியது நீலம், சொடுக்குச் சத்தத்தோடு. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு. கண்டன்சர் போய்விட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலிலிருந்து பாயும் மின்சாரத்தை உள்வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. அது செத்துவிட்டால் அத்தனையும் பாயிண்டிலேயே பொறியாகி உலோகத்தைத் தின்றுவிடும். கடை மீட்டரில் வைத்தேன். 0.2 மைக்ரோஃபாரட் பக்கம் காட்ட வேண்டியது, முள் அசையவே இல்லை. புதுக் கண்டன்சர், புது பாயிண்ட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அவசரத்துக்கு நைஸ் உப்புத்தாளால் தேய்க்கலாம், ஆனால் அது நாலு நாள்தான் தாங்கும்.

இடைவெளி வைக்கும் முறை இது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். பாயிண்டின் ஃபைபர் குதிகால் கேமின் (சுழன்று பாயிண்டைத் திறக்கும் உருளை) மேட்டில் ஏறி, பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு போய்வர வேண்டும், பிடித்து இழுக்கக் கூடாது. ஸ்க்ரூவை இறுக்கும்போது தட்டு நகர்ந்துவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். நான் முதல் நாள் மூன்று தடவை இறுக்கி மூன்று தடவை அவிழ்த்தேன். கடைசியில் கேமில் ஒரு துளி கிரீஸ், துளிதான். அதிகமானால் சூட்டில் உருகிப் பாயிண்டிலேயே போய் உட்காரும். இன்னொன்று, இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் (பொறி விழும் நேரம்) முன்னே போகும். கிக்கர் திருப்பி அடிக்கிறதென்றால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

டேப்பெட்டுக்கு இன்ஜின் சில்லென்று இருக்க வேண்டும். காலையில் காபிக்கு முன்னால் செய்துவிடுங்கள். பிளக் ஓட்டையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும். அந்தத் தள்ளல் முடிகிற இடத்தில் பிஸ்டன் உச்சியில் இருக்கும். சிலிண்டரின் வலப்பக்க மூடியைக் கழற்றினால் வால்வைத் திறக்கும் அந்தக் கம்பிகளான இரண்டு புஷ்ராடும் தெரியும். இதற்கு ஃபீலர் கேஜ் வேண்டாம், விரல்தான் கேஜ். ராடு விரலுக்குச் சுலபமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. சித்தப்பாவின் வண்டியில் எக்ஸாஸ்ட் ராடு சுழலவே இல்லை. அரைச் சுற்றுத் தளர்த்தியதும் “கம்ப்ரெஷன் இல்லை” என்ற பேச்சு முடிந்தது. மூடியை மாட்டும்போது கேஸ்கட்டைப் பாருங்கள். கிழிந்ததைப் போட்டால் ஷூவெல்லாம் ஆயில்.

டேங்கில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது, அடியில் துரு. பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் கணக்கில் எலுமிச்சை உப்பைக் கரைத்து நிரப்பி ஒரு ராத்திரி வைத்தேன். மளிகைக் கடைக்காரர், ஒன்றரைக் கிலோவா, என்ன விசேஷம் என்று கேட்டார். காலையில் கொட்டி அலசி, ஆப்ப சோடாத் தண்ணீரால் இன்னொரு அலசு, உடனே புளோயரால் காயவைத்து உள்ளே கொஞ்சம் ஆயிலைச் சுழற்றிவிட வேண்டும். இந்த “உடனே” முக்கியம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் உள்ளே மறுபடி செம்மண் நிறம் ஏறிவிடும். பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியில் பெட்ரோலை வைக்காதீர்கள்.

கார்புரேட்டரில் பெரும்பாலும், பெட்ரோல் வரும் பொடித் துளையான பைலட் ஜெட்டின் அடைப்புதான். ஊசி போட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். நான் காயில் கட்டும் மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு இழையைத்தான் விட்டேன். பெட்ரோல் வேலையெல்லாம் வெளியில், அடுப்பு, பீடி எதுவும் அருகில் இல்லாத இடத்தில்.

ஆயிலில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸோடு சேர்ந்தது. வாரக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாக நழுவி கிராங்க் பக்கம் இறங்கிவிடும், டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். நான் குறைகிறது என்று நம்பி முக்கால் லிட்டர் ஊற்றினேன். ஸ்டார்ட் ஆனதும் சைலன்ஸரிலிருந்து கொசு மருந்து வண்டி போலப் புகை. இன்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வாசல் கோலத்தின் மேலேயே ஆயிலைக் கக்கியது. எனவே பழையதை முழுதாக வடித்து, ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ50 ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம்தான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். முதல் தடவை ஓடும்போது ஹெட்டுக்கு ஆயில் போகும் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். சிறிது நேரத்தில் ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியவில்லையென்றால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள்.

அப்கிரேட் என்றால் நான் சிபாரிசு செய்வது ஒன்றே ஒன்று: 6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாற்றுவது. 35 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் வேண்டும், 12 வோல்ட்டில் 3 போதும். பழைய, பச்சை பூத்த ஒயரில் கரண்ட் இரட்டிப்பானால் இழப்பு நாலு மடங்கு. அதனால்தான் அந்தக் காலத்து ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரிந்தது. ஸ்டேட்டர், ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், பேட்டரி, இக்னிஷன் காயில், பல்பு, ஹாரன் எல்லாம் மாற்ற வேண்டும்; பாயிண்ட் அப்படியே இருக்கலாம். பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். பார்க்காமல் இணைத்தால் புது ரெகுலேட்டர் ஒரே நொடியில் போய்விடும். பெரிய கார்புரேட்டர், காதைக் கிழிக்கும் சைலன்ஸர் எல்லாம் அவரவர் விருப்பம். பிரேக் லைனிங்கை மாற்றாமல் அதற்குச் செலவு செய்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஸ்டார்ட் செய்ய பலம் வேண்டாம். ஷூ மட்டும் போடுங்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கினால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், நடுவுக்கு வரும். கிக்கர் கெட்டியாகி, முள் நடுவில் நிற்கும்போது டிகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு விரல்கடை இறக்கி விடுங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உதை. சாவியைப் போட்டபடி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

ஓட்டும்போது ஆபத்து வேகத்தில் இல்லை, காலில் இருக்கிறது. கியர் வலது கால், பிரேக் இடது கால். ஃபர்ஸ்ட் மேலே, மற்ற மூன்றும் கீழே. முதல் வாரம் ஆனைமலை ரோட்டில் தேங்காய் லாரி ஒன்று சட்டென்று நின்றது. பழக்கத்தில் வலது காலை அழுத்தினேன். நிற்க வேண்டிய வண்டி மேல் கியருக்குப் போய் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடியது. முன் பிரேக்கும் ரோட்டோரப் புழுதியும் காப்பாற்றின. வெறும் மைதானத்தில் இரண்டு நாள் பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள். நியூட்ரலுக்குத் தனி லீவர் உண்டு, குதிகாலால் தட்டினால் போதும், ஃபர்ஸ்ட் தவிர எந்தக் கியரிலிருந்தும் விழும். ஆழியாறு வரை போய்த் திரும்பி, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிய பிறகுதான் வால்பாறை ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது செகண்ட் கியரிலேயே வாருங்கள், டிரம் பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் சூடேறிக் கைவிட்டுவிடும்.

ஆர்.சி.யை மறக்காதீர்கள். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்றப் படிவம் 31, 15 வருடம் கடந்த வண்டியைப் புதுப்பிக்கப் படிவம் 25, அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு முறை. 2021 விதிப்படி 50 வருடம் ஆனால்தான் ‘வின்டேஜ்’. எனக்கு அது 2028இல். அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, அதனால் நான் வாங்கப் போவதில்லை.

நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, அடியில் ஒரு பழைய தட்டை வையுங்கள். எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். வாரத்துக்கு ஒரு கரண்டி சேரும். அதைச் செயினுக்கு விட்டுவிடுகிறேன்.