ஜெர்மனில குழந்தையோட தனியா இருக்கீங்களா? ஃப்ரெண்ட்ஸ் பிடிக்க நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது

நான் ஈரோட்டுல இருந்து ஸ்டுட்கார்ட் வந்தப்ப பொண்ணுக்கு ஒன்றரை வயசு. வீட்டுக்காரர் காலைல ஏழரைக்கு கிளம்பினா வர்றதுக்கு சாயங்காலம் ஆறு ஆகும், அதுவரைக்கும் நானும் அவளும் நாலு செவுரும் தான். அம்மாகிட்ட பேசலாம்னா குளிர்காலத்துல நாலரை மணிநேரம் வித்தியாசம், எனக்கு ஆற அமர பேச நேரம் கிடைக்கிறப்ப அங்க அம்மா சீரியல் முடிச்சு படுத்திருப்பாங்க. ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற பொண்ணு, எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி என்கிட்டயும் "நல்ல நாளா இருக்கட்டும்"னு சொல்லுச்சு, அன்னைக்கு பூரா என்கிட்ட நேர்ல வாய் திறந்து பேசின ஒரே பெரிய ஆள் அது தான்னு வீட்டுக்கு நடந்து வர்றப்ப தான் உறைச்சுது.

இப்ப புதுசா வர்ற பொண்ணுங்க என்கிட்ட கேக்குறது எல்லாம் இது தான், "அக்கா, எப்படி ஃப்ரெண்ட்ஸ் பிடிச்சீங்க?" ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துப் போச்சு, அதனால மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல பேப்பர் வேலைய முடிச்சிருங்க, அது தலைல உக்காந்திருந்தா வேற எதுவும் ஓடாது. வீட்டுக்கு குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள முகவரிய பதியணும், அதுக்கு பேரு அன்மெல்டுங். கிண்டர்கெல்ட்னு குழந்தைக்கு மாசா மாசம் அரசாங்கம் குடுக்கிற பணம், 2026 ஜனவரியில இருந்து 259 யூரோ, ப்ளூ கார்டுல, அதாவது படிச்சவங்களுக்கான வேலை அனுமதில, வந்தவங்களுக்கும் உண்டு, அதுக்கு அப்ளை பண்ணிடுங்க. அதே வாரத்துல கீட்டாவுக்கும், அதாங்க பகல் நேர குழந்தைகள் பள்ளி, பேரு பதிஞ்சு வைங்க. ஒரு வயசு முடிஞ்ச குழந்தைக்கு இடம் கேக்குற உரிமை 2013 ஆகஸ்ட்ல இருந்து சட்டத்துலயே இருக்கு, ஆனா சட்டத்துல இருக்குறது வேற இடம் கிடைக்கிறது வேற. நாங்க ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வரேன். ஃப்ரெண்ட் தேடிப் போகாதீங்க, ஒரே இடத்துக்கு ஒரே கிழமைல ஒரே நேரத்துக்குப் போங்க. அவ்ளோ தான் என்னோட மொத்த சூத்திரமும். இங்க ஆளுங்க நம்ம ஊர் பஸ்ல மாதிரி உக்காந்த உடனே "எந்த ஊரு, எத்தன குழந்தைங்க"னு ஆரம்பிக்க மாட்டாங்க. முகம் பழகணும். நான் முதல் ரெண்டு மாசம் பண்ணின தப்பே இது தான், இன்னைக்கு ஒரு பார்க், நாளைக்கு வேற பார்க்னு ஊரச் சுத்தினேன், எங்க போனாலும் நான் புது ஆள். அப்புறம் செவ்வாயும் வியாழனும் மூணரைக்கு வீட்டுப் பக்கத்து ஷ்பீல்ப்ளாட்ஸுக்கு மட்டும் போக ஆரம்பிச்சேன், ஷ்பீல்ப்ளாட்ஸ்னா விளையாட்டு மைதானம், மணல் தொட்டி சறுக்கு ஊஞ்சல் எல்லாம் இருக்கும். முதல் வாரம் யாரும் கண்டுக்கல. மூணாவது வாரம் தலைய ஆட்டினாங்க. ஆறாவது வாரம் ஒரு அம்மா "போன வாரம் காணோமே, உடம்பு சரியில்லையா"னு கேட்டாங்க, எனக்கு தொண்டை அடைச்சிருச்சு, நான் வரலைங்கிறது ஒருத்தருக்கு தெரிஞ்சிருக்கே!

பேச்சை எப்படி ஆரம்பிக்கிறதுன்னா, குழந்தைக்கு எத்தன வயசுன்னு கேளுங்க, மாசக் கணக்குல பதில் வரும், அங்க இருந்து தூக்கம், பல்லு, கீட்டான்னு தானா ஓடும். இன்னொண்ணு, சின்ன உதவி கேளுங்க. நமக்கு கேக்க கூச்சமா இருக்கும், ஆனா கேட்டா தான் அவங்களுக்கும் வாய் திறக்க ஒரு சாக்கு. ஒரு நாள் வெட் டிஷ்யூ எடுத்துட்டுப் போக மறந்துட்டேன், பொண்ணு கை பூரா சேறு, பக்கத்து பெஞ்ச் அம்மாகிட்ட ஒண்ணு கேட்டேன், அவங்க பாக்கெட்டயே தூக்கிக் குடுத்துட்டு பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க. மணல்ல விளையாடுற வாளி, கரண்டில எல்லாம் குழந்தை பேரு எழுதியிருக்கும், நீங்களும் எழுதி வைங்க, உங்க பொண்ணு பேரை நாலு பேர் வாசிக்கட்டும், வாய்ல நுழையலன்னா எப்படி சொல்றதுன்னு கேப்பாங்க, அதுவும் ஒரு பேச்சு தான்.

ஒரு எச்சரிக்கை. நம்ம பழக்கத்துக்கு பக்கத்துல நிக்கிற குழந்தை கைலயும் ஒரு முறுக்கு குடுத்துருவோம். நான் குடுத்தேன். அவன் அம்மா எங்கிருந்தோ பாஞ்சு ஓடி வந்தாங்க, பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜியாம், முறுக்குல கடலை இல்லன்னு எனக்கு தெரிஞ்ச பத்து ஜெர்மன் வார்த்தைல விளக்குறதுக்குள்ள வேர்த்துப் போச்சு. பெத்தவங்கள கேட்டுட்டு குடுங்க.

மணிக்கணக்கு பத்தி தனியா சொல்லியே ஆகணும். அந்த டிஷ்யூ அம்மா தான் முதல் தடவையா வீட்டுக்கு கூப்பிட்டாங்க, ஞாயித்துக்கிழமை "ஹால்ப் டிரை"க்கு வாங்கன்னு. ஹால்ப்னா அரை, டிரைனா மூணு, அப்ப மூணரைனு என் மண்டைல பதிஞ்சிருச்சு. பொண்ணுக்கு புது கவுன் போட்டு, ரவை கேசரி கிண்டி டப்பால எடுத்துக்கிட்டு மூணு இருபத்தஞ்சுக்கு, பாருடா நாம எவ்ளோ கரெக்டா வந்துட்டோம்னு பெருமையா பெல் அடிச்சேன். கதவைத் திறந்தவங்க முகத்துல ஒரு மாதிரி குழப்பம். உள்ள மேஜைல வெட்டின கேக்கு, காபி குடிச்ச கப்பு, எங்களுக்குன்னு வச்ச ரெண்டு தட்டு மட்டும் அப்படியே இருக்கு. ஹால்ப் டிரைனா மூணு ஆக அரை மணி பாக்கி, அதாவது ரெண்டரை! ஒரு மணிநேரம் லேட்டா போயி சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். நாலு மணிக்கு அவங்க வேற எங்கயோ கிளம்பணும். எனக்கு அழுகையே வந்துருச்சு, விஷயத்த சொன்னதும் அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, கேசரிய நின்னுக்கிட்டே ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுட்டுப் போனாங்க. இன்னைக்கு வரைக்கும் எனக்கு மெசேஜ் போட்டா 14:30னு நம்பர்ல தான் போடுவாங்க.

அதே மாதிரி "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க"ன்னு நாம சொல்றது இங்க கணக்குலயே வராது. தேதி, மணி, எத்தன மணிக்கு முடியும்ங்கிறது வரைக்கும் சொல்லணும். ரெண்டு வாரம் கழிச்சு தான் நேரம் இருக்குன்னு சொன்னா ஒதுக்குறாங்கன்னு அர்த்தம் இல்ல, காலண்டர்ல எழுதிட்டாங்கன்னா நீங்க ஏறக்குறைய ஜெயிச்சாச்சு. இந்தப் பக்கமா வந்தேன் அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு பெல் அடிக்கிறது மட்டும் வேண்டாம்.

கைக்குழந்தைனா க்ராபல்குருப்பெ பாருங்க, தவழுற குழந்தைங்களோட அம்மாங்க சேர்ற கூட்டம், குடும்ப மையம், சர்ச் ஹால்ல எல்லாம் நடக்கும், செலவு ரொம்ப இல்ல. பெக்கிப்னு ஒண்ணு இருக்கு, போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, அங்க குழந்தைங்கள முழுசா துணி கழட்டி தான் விளையாட விடுவாங்க, ரூம சூடாக்கி வச்சிருப்பாங்க. நான் போனதில்ல, எதுவும் தெரியாம போன என் ஃப்ரெண்ட், பட்டுப் பாவாடை போட்டுக் கூட்டிட்டுப் போயிருந்தா!

கீட்டாவுல இடம் கிடைச்சதும் ஐங்கெவோனுங்னு ஒரு பழக்கப்படுத்துற காலம் வரும். நிறைய இடத்துல பெர்லின் முறைனு ஒண்ண வச்சுக்கிறாங்க, முதல் மூணு நாள் நீங்களும் கூடவே ஒரு மணிநேரம் உக்காந்துட்டு குழந்தைய கூட்டிட்டு வந்துரணும், நாலாவது நாள் தான் கொஞ்ச நேரம் உங்கள வெளிய அனுப்பி பாப்பாங்க. அந்த நாட்கள்ல உங்கள மாதிரியே இன்னும் ஒண்ணு ரெண்டு அம்மா, அப்பாக்கள் வெளி பெஞ்சுல நகத்தக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. போன நோண்டாதீங்க, பேசுங்க, அதை விட்டா அவ்ளோ நேரம் யாரும் சும்மா உக்கார மாட்டாங்க. அப்புறம் விழா வந்தா கதவுல ஒரு லிஸ்ட் ஒட்டுவாங்க, யார் என்ன சமைச்சு எடுத்துட்டு வர்றீங்கன்னு. எல்லாரும் கேக், பாஸ்தா சாலட்னு எழுதியிருப்பாங்க, நான் மெதுவடை எழுதினேன், நாப்பது வடை பத்து நிமிஷத்துல காலி, நடுவுல ஓட்டை எப்படி போட்டீங்கன்னு மூணு பேர் கேட்டாங்க. காரம் மட்டும் போடாதீங்க.

பிறந்தநாளுக்கு கூப்பிட்டாங்கன்னா ரெண்டு விஷயம். நம்ம ஊர் அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே இங்க ஆகவே ஆகாது, முன்னாடியே வாழ்த்து சொன்னா ஆகாதுன்னு நினைக்கிறவங்க நிறைய. அழைப்புல எத்தன மணிக்கு கூட்டிட்டுப் போகணும்னு போட்டிருப்பாங்க, அந்த மணிக்கு போயி நில்லுங்க.

மொழி. கத்துக்காம ஓட்டிடலாம், ஆபீஸ்ல எல்லாரும் இங்கிலீஷ் தானேன்னு வீட்டுக்காரர் சொல்வார், ஆபீஸ் அவருக்கு, நமக்கு மணல் தொட்டி தானே. ஒருங்கிணைப்பு கோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, 600 பாட நேரம் மொழி, அதுக்கு மேல 100 பாட நேரம் நாடு, சட்டம், வரலாறு, பி1ங்கிற நடுத்தர நிலை வரைக்கும் கொண்டு போவாங்க. என்னால அவ்ளோ முடியல, விஎச்எஸ்னு சொல்ற மக்கள் கல்லூரில வாரம் ரெண்டு நாள் சாயங்கால வகுப்பு போனேன். மொழிய விட அங்க கிடைச்ச ஆளுங்க தான் பெருசு. துருக்கி, சிரியா, உக்ரைன், பிரேசில்னு எல்லாரும் ஒரே மாதிரி ஓட்டை ஜெர்மன் பேசுறவங்க, யாருக்கும் யார்கிட்டயும் வெக்கம் இல்ல. என் நெருங்கின ஃப்ரெண்ட் அங்க பிடிச்ச துருக்கி பொண்ணு தான், அவளும் அம்மாவ நினைச்சு பாத்ரூம்ல அழுதவ, வேற என்ன வேணும்? ஆனா ஒண்ணு, வகுப்புல சொல்லித் தர்ற ஜெர்மன் வேற, ஸ்டுட்கார்ட்காரங்க பேசுறது ஷ்வேபிஷ், எல்லா வார்த்தைக்கும் வால்ல ஒரு "லெ" சேர்த்துக்குவாங்க, நாம கண்ணுக்குட்டி செல்லக்குட்டின்னு சொல்ற மாதிரி செல்லமாம். புரியலன்னா உங்க தப்பில்ல.

நம்ம தமிழ் ஆளுங்க பத்தியும் சொல்லணும். வாட்ஸ்அப் குரூப் கண்டிப்பா சேருங்க, கறிவேப்பிலை எங்க கிடைக்கும், எந்த குழந்தை டாக்டர் புது ஆளுங்கள எடுக்குறாங்கன்னு பத்து நிமிஷத்துல பதில் வரும், ராத்திரி குழந்தைக்கு ஜுரம்னா கார் எடுத்துட்டு வர்றது அவங்க தான். ஆனா அங்க மட்டுமே இருந்தா யார் வீடு வாங்கினாங்க, யார் பையன் எந்த ஸ்கூல்ங்கிற பேச்சுலயே மூச்சு முட்டும், எனக்கு முட்டுச்சு. ஐடி கூட்டத்த தாண்டி ஈழத் தமிழ் குடும்பங்களயும் பழகிக்கோங்க, 83க்கு அப்புறம் வந்து இங்க வேர் விட்டவங்க, சனிக்கிழமை தமிழ் வகுப்பு, கடை, கோயில் எல்லாம் அவங்க கட்டினது தான். ஹாம் ஊர்ல இருக்கிற காமாட்சி அம்மன் கோயில், 2002ல கும்பாபிஷேகம் ஆனது, கோபுரத்தோட நிக்குது, எங்களுக்கு கார்ல அஞ்சு மணிநேரம் ஆச்சு, தேர்த் திருவிழாவுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. தமிழ் வகுப்புல ஒரு அக்கா என் பொண்ண பாத்து "சாப்பிட்டனீங்களோ பிள்ளை"ன்னு கேட்டாங்க, அன்னைக்கு தான் அவ யாருகிட்டயும் சொல்லாம மடில போயி உக்காந்தா.

குளிர்காலம் தான் நிஜமான பரிட்சை. டிசம்பர்ல நாலரைக்கெல்லாம் இருட்டிரும், மைதானம் காலி. மாட்ச்ஹோஸெனு ரப்பர் மாதிரி ஒரு சேத்து பேன்ட் விக்கிது, வாங்கிப் போட்டு மழைலயும் இறக்கி விடுங்க, மத்த அம்மாங்களும் அப்படித் தான் வருவாங்க. ரொம்ப குளிர்னா மைலேண்டர் ப்ளாட்ஸ்ல இருக்கிற நகர நூலகம், 2011ல திறந்த வெள்ளை கனசதுரக் கட்டடம், குழந்தைகளுக்கு தனியா ஒரு தளமே இருக்கு, அங்கயும் அதே சூத்திரம், ஒரே கிழமை ஒரே நேரம். நவம்பர் 11ஐ ஒட்டி செயின்ட் மார்ட்டின் விளக்கு ஊர்வலம் வரும், குழந்தைங்க தாங்களே செஞ்ச காகித விளக்க குச்சில மாட்டிக்கிட்டு பாடிட்டு நடப்பாங்க, கார்த்திகை தீபம் பக்கத்துல வர்றதாலயோ என்னமோ எனக்கு அதுல ஊர் வாசம் அடிக்கும். இவ்ளோ பண்ணியும் தினம் அழுகை வருது, தூக்கம் இல்ல, குழந்தைய தூக்கவே பிடிக்கலன்னா அதை ஃப்ரெண்ட் சரி பண்ண முடியாது, டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. இங்க பிரசவம் ஆச்சுன்னா பன்னெண்டு வாரம் வரைக்கும் ஹெபாமெ, அதாவது மருத்துவச்சி, வீட்டுக்கு வர்றது இன்ஷூரன்ஸ்லயே வரும், அவங்ககிட்டயும் சொல்லலாம்.

கடைசியா எங்க கீழ் வீட்டுப் பாட்டி. இந்தப் பக்கம் கேர்வோஹெனு ஒரு வழக்கம், வாராவாரம் ஒரு வீடு பொதுப் படிக்கட்ட பெருக்கி துடைக்கணும், முறை யாருதோ அவங்க கதவுல ஒரு சின்ன பலகை தொங்கும். நாங்க குடி வந்த மாசம் அது எங்க கதவுல தொங்குச்சு. ஏதோ வரவேற்பு அலங்காரம்னு நினைச்சு உள்ள எடுத்து வந்து சாமி அலமாரி பக்கத்துல மாட்டிட்டேன், ரெண்டு வாரம்! பாட்டி வாளியோட வந்து நின்னாங்க. திட்டுவாங்கன்னு பாத்தா எந்த மூலைல இருந்து துடைக்கணும், துணிய எப்படி பிழியணும்னு கூடவே இறங்கி செஞ்சு காட்டினாங்க. வாசல் தெளிச்சு கோலம் போட்டு வளந்தவளுக்கு இது என்ன பெரிய வேலை, அடுத்த முறை நான் பளபளன்னு ஆக்கினதும் மறுநாள் ஒரு தட்டுல ஆப்பிள் கேக் வந்துச்சு, நான் தட்ட வெறுசா குடுக்காம சுண்டல் வச்சு திருப்பினேன். ஒரு வருஷம் "நீங்க"ன்னு தான் பேசிக்கிட்டோம், இங்க பெரியவங்க சொன்னா தான் "நீ"க்கு இறங்கணும், ஒரு நாள் அவங்களே "இனிமே நீன்னே கூப்பிடு"ன்னு கைய நீட்டினாங்க. எழுபத்தி எட்டு வயசு ஆள போயி நீன்னு எப்படி கூப்பிடுறது, ஜெர்மன்ல கூப்பிடுறேன், மனசுக்குள்ள நீங்க தான்.

இந்த வாரம் பலகை எங்க கதவுல தான் தொங்குது. சனிக்கிழமை மதியம் ஆயிருச்சு, பாட்டி எட்டிப் பாக்குறதுக்குள்ள போயி வாளிய எடுக்கிறேன்.