கரையோரக் குட்டி ஈயை அடையாளம் காண

குளத்தங்கரைச் சேற்றிலோ கழிமுகத்திலோ உப்பளப் பாத்தியிலோ தண்ணீரை ஒட்டிக் கறுப்பாகவோ சாம்பலாகவோ பொடி ஈக்கள் மேய்ந்தால், பெரும்பாலும் கரை ஈக்கள்தான் (எஃபிட்ரிடே குடும்பம்). பயப்பட வேண்டாம், இவை கடிக்காது. பல இனங்களுக்குப் பாசிதான் சாப்பாடு.

பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான் என்பதால் மொபைலில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, உங்கள் நிழல் விழாதபடி தாழ உட்கார்ந்து, பக்கவாட்டில் முகத்தை ஒரு படமும் மேலிருந்து இறக்கையை ஒரு படமும் எடுங்கள். முதலில் முகம். கண்ணுக்குக் கீழே முன்பக்கம் உப்பி, வாய்த் துவாரம் பெரிதாக இருக்கும். அப்புறம் உணர்கொம்பிலிருந்து கிளம்பும் மெல்லிய முடி. அதில் கிளை இருந்தால் மேல்பக்கம் மட்டும் இருக்கும், பழ ஈக்கோ இரண்டு பக்கமும் உண்டு. இவ்வளவு போதும், பழ ஈயைக் கழித்துவிடலாம்.

சாம்பல் நிற இறக்கையில் வெளிர் பொட்டுகள் தெரிந்தால் ஸ்கெடெல்லா என்ற கரை ஈ வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்னங்கால் தொடை கும்பிடுபூச்சிக்கு இருப்பதுபோல் பருத்திருந்தால் ஓக்தெரா, குட்டிப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன், என் கணக்கில் இந்தக் குடும்பத்திலேயே பார்க்க ரசமானது இதுதான்.

பளபளவென்று உலோகப் பச்சையாக, நெட்டைக் காலோடு அதே சேற்றில் ஓடுவது பெரும்பாலும் நெடுங்கால் ஈ, வேறு குடும்பம். இனம் வரை போக வேண்டுமென்றால், சரி, படம் போதாது, மைக்ரோஸ்கோப் வேண்டும்.