மொழி படித்துத் திரும்பியவர்கள் பழைய மாணவர் பிரதிநிதியாக விண்ணப்பிக்கும்போது விடும் தவறுகள்

ஆக்ராவில் உள்ள மத்திய ஹிந்தி நிறுவனம், யப்பான் அரசின் புலமைப்பரிசில், ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நிதியில் கோடைகால வகுப்பு என்று வெளிநாடு போய் மொழி படிக்கப் பல வழிகள் இருக்கின்றன. இப்படியான சில திட்டங்கள், படித்துத் திரும்பியவர்களிலிருந்தே பிரதிநிதிகளைத் தெரிவு செய்கின்றன. அடுத்து விண்ணப்பிப்பவர்களுக்கு வழிகாட்டுவதும் தகவல் கூட்டங்களில் பேசுவதும்தான் முக்கிய வேலை. பெரும்பாலும் சம்பளம் இல்லை.

இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் விடும் பெரிய தவறு, புலமைப்பரிசிலுக்கு எழுதியது போலவே இதையும் எழுதுவது. அங்கே ‘ஏன் நான்’ என்று கேட்டார்கள். இங்கே கேட்பது, ‘யாருக்காக’ என்று. “தாஜ்மகால் பார்த்தேன், பல நாட்டு நண்பர்கள் கிடைத்தார்கள், வாழ்க்கையே மாறிவிட்டது” என்று யாரும் எழுதலாம். தெரிவுக்குழுவுக்கு ஆக்ரா நன்றாகத் தெரியும். தெரியாதது மல்லாவியும் ஒட்டுசுட்டானும்தான். அறிவித்தல் ஆங்கிலத்தில் வருகிறது, நேர்முகத் தேர்வு கொழும்பில் நடக்கிறது. ஒட்டுசுட்டான் பிள்ளை மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் இரவு பஸ் பிடித்துத்தான் போகவேண்டும். மகளைத் தனியே அனுப்பத் தாய் தகப்பன் யோசிப்பார்கள். அந்த வீட்டில் போய் உட்கார்ந்து விடுதி எப்படி, சாப்பாடு எப்படி, சுகமில்லாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று தமிழில் சொல்ல உங்களால் முடியும். அதை எழுதுங்கள்.

அடுத்ததைக் கவனமாகத்தான் சொல்லவேண்டும். 2009இல் முடிந்த போரையும் இடம்பெயர்ந்தோர் முகாமையும் வைத்தே முழு விண்ணப்பத்தையும் நிரப்பிவிடுகிறார்கள். நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. அது உங்கள் வாழ்க்கை, எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 500 சொற்களில் 400 அதற்கே போனால், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்ல இடம் எங்கே? இடம்பெயர்வில் விட்ட படிப்பை எப்படிப் பிடித்தீர்கள், அந்த அனுபவத்தால் இன்று எந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கலாம் என்று நாலு வரி எழுதினால் போதும். பரிதாபப்பட்டுத் தரும் பொறுப்பு நமக்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

வாக்குறுதியையும் அளந்து கொடுங்கள். வட மாகாணம் முழுவதும் மொழி நிலையம் திறப்பேன் என்றால் யார் நம்புவார்கள்? வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு தகவல் கூட்டம், கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் இன்னொன்று, விண்ணப்பம் நிரப்புபவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு. ஒரு வருடத்துக்கு இதுவே நல்ல வேலை.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய ஆட்களைத் தேடி அலையவேண்டாம். அரசியல்வாதியின் கடிதத்தில் உங்கள் பெயர் மட்டும்தான் உங்களுடையதாக இருக்கும். வெளிநாட்டில் உங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர் எழுதும் அரைப் பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

மொழித் தரத்தைக் கூட்டிச் சொல்வதும் ஆபத்து. யப்பானிய மொழித் தேர்வில் என்4 (ஐந்து படிகளில் கீழிருந்து இரண்டாவது) சித்தி என்றால் என்4 என்றே போடுங்கள். சரளமாகப் பேசுவேன் என்று எழுதிவிட்டால், நேர்முகத்தில் முதல் கேள்வியே அந்த மொழியில் வரலாம். திரும்பி வந்தபின் மொழியைத் தொடவே இல்லை என்றால், விண்ணப்பிக்கும் முன்பே மறுபடி வாசிக்கத் தொடங்குங்கள்.

பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். முதலெழுத்து மாறினாலும் பழைய பதிவில் உங்களைத் தேடுவது கஷ்டம்.

இறுதி நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். யப்பானில் மாலை 5 மணி என்றால் இங்கே பிற்பகல் 1.30. ஜேர்மனியில் குளிர்கால நள்ளிரவு நமக்கு விடியற்காலை 4.30.

அனுப்பும் முன் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து, “இந்த ஆளால் உனக்கு என்ன உதவி கிடைக்கும்?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுங்கள்.