விரல் நீட்டும் தசை: சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் என்னிடம் பிசியோதெரபி பழக வரும் பிள்ளைகள், நான் அந்தக் காலத்தில் செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். தசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றால் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். அது போகட்டும். நோயாளியின் கையைத் தொட்டபிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

நுனி நீண்டால் போதும் என்று நம்புவது

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்.

ஓலைக் கொட்டான் (கூடை) பின்னும் ஆச்சி ஒருவர் வந்தார். "விரலு தொங்குது தம்பி, ஓலையப் பிடிக்கக் கை விரிய மாட்டேங்குது" என்றார். நீட்டச் சொன்னேன், நுனிகள் நீண்டன. மணிக்கட்டும் எழுந்தது. மரத்துப்போகவும் இல்லை. 'நீட்டல் சரி' என்று எழுதி, ஆறு வாரம் பந்தைப் பிசைய வைத்தேன்.

விரல் நீட்டும் தசைக்குப் பெயர் எக்ஸ்டென்சர் டிஜிடோரம். அதன் முக்கிய வேலை, விரல் உள்ளங்கையோடு சேரும் பெரிய கணுவை நிமிர்த்துவது. நடுக்கணுவையும் நுனிக்கணுவையும் கைக்குள்ளிருக்கும் சிறு தசைகளே நீட்டிவிடும். அவற்றுக்கு வரும் நரம்புகள் அல்நாரும் மீடியனும். ஆச்சிக்கோ முழங்கைக்குக் கீழே, சுபினேட்டர் தசையின் விளிம்பில், ரேடியல் நரம்பின் கிளையான, விரல் நீட்டும் தசையை இயக்கும் பின் இன்டராசியஸ் நரம்பு நெரிபட்டிருந்தது. அது தோல் உணர்ச்சியைச் சுமப்பதில்லை. மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாகத் தூக்கும் தசைக்கு, இந்த நரம்பு பிரிவதற்கு முன்பே ரேடியலிலிருந்து வேறொரு கிளை போய்விடுகிறது. ஆச்சியின் மணிக்கட்டு அந்தப் பக்கம் சாய்ந்தே எழுந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை. சிதைந்த நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அந்த ஆறு வாரத்தை நான் வீணடித்தேன்.

முன்கையை மேசையில் குப்புற வைத்து, மணிக்கட்டை நேராகத் தாங்குங்கள். நடு, நுனிக் கணுக்கள் மடங்கியே இருக்க, பெரிய கணுவை மட்டும் தூக்கச் சொல்லுங்கள்.

மணிக்கட்டைத் தொங்கவிடுவது

மணிக்கட்டு மடங்கினாலே நாண் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு) இழுபட்டு விரல் தானாகக் கொஞ்சம் நீளும். ஏமாறாதீர்கள்.

நான்கு விரலையும் சேர்த்துத் தூக்கச் சொல்வது

புறங்கையில் நாண்களுக்கு நடுவே குறுக்குப் பட்டைகள் உண்டு. அவற்றுக்கு மேலே, மணிக்கட்டுப் பக்கம் ஒரு நாண் அறுந்தால், பக்கத்து நாண் அந்த விரலையும் தூக்கிக் காட்டிவிடும். ஆத்தங்குடியில் டைல் வார்ப்பது கண்ணாடித் தகட்டின் மேல். தகடு உடைந்து புறங்கை கிழிந்தவர் வந்தால், ஒவ்வொரு விரலாக எதிர்த்து அழுத்திப் பாருங்கள். நாண் அறுந்த விரல் தளரும், வலிக்கும்.

ஆள்காட்டியும் சுண்டுவிரலும்

இரண்டுக்கும் சொந்தமாக வேறு நீட்டும் தசைகள் உண்டு. அவை எழுவதை வைத்து இந்தத் தசை சரி என்று சொல்ல முடியாது. நடுவிரலைப் பாருங்கள்.

மோதிர விரல் தனியே எழவில்லை

மற்ற விரல்களை மடக்கி வைத்தால் பெரும்பாலோருக்கு எழாது. நோயல்ல.