எலி கடித்த காரில் எந்த வயர் போச்சு என்று கண்டுபிடிப்பது எப்படி

மழை பிடித்ததும் எலி வளைக்குள் தண்ணீர் ஏறிவிடும், காய்ந்த இடம் தேடி மேலே வரும், அப்போது அதற்குக் கிடைக்கும் நல்ல வீடு, ராத்திரி ஓட்டிவந்து நிறுத்திய, இன்னும் சூடு ஆறாத என்ஜின்தான். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பிடிக்காது. பிடித்தாலும் உதறும், செக் என்ஜின் விளக்கு எரியும், இல்லையென்றால் சம்பந்தமே இல்லாமல் ஏபிஎஸ் (பிரேக்) விளக்கும் சேர்ந்து எரியும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கார் ஒரே ராத்திரியில் இப்படி ஆகிவிட்டது என்றால், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் எலியைச் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் வந்துவிட்டால், கண்ணால் பார்த்து முடிக்கும்வரை மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். பானட்டைத் திறந்து முதலில் மோந்து பாருங்கள். எலி வயரை மட்டும் கடிப்பதில்லை, பெட்ரோல் போகும் ரப்பர் குழாயையும் கடிக்கும். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் தோல் உரிந்த வயர் ஒன்று தீப்பொறி விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வாடை இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக ஆள் கூப்பிடுங்கள். வாடை இல்லையென்றால் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். எலிச் சிறுநீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும், கையில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலே போதும். புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவோ காற்றடித்து ஊதவோ வேண்டாம், கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கித் துணியால் துடைத்து எடுங்கள்.

அடுத்தது, கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதற்கு முன் எலி எந்த வழியாகப் போயிருக்கிறது என்று பாருங்கள். புழுக்கை, கிழிந்த பஞ்சு, பாலித்தீன் துண்டு, எங்கிருந்தோ இழுத்துவந்த தேங்காய் நார், இவை கிடக்கிற இடத்தைச் சுற்றி ஓரடிக்குள்தான் பெரும்பாலும் முதல் கடி இருக்கும். பேட்டரித் தட்டின் அடி, ஏர் ஃபில்டர் டப்பாவின் பின்புறம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு மேலே ஓடும் ஹார்னஸ் (வயர்க்கட்டு), வைப்பருக்குக் கீழே இலை சேரும் பள்ளம், புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். அப்புறம் குனிந்து முன்சக்கரங்களுக்குப் பின்னால் போகும் ஏபிஎஸ் சென்சார் வயர், பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சீட்டின் அடியையும் விடாதீர்கள், பிள்ளைகள் பிஸ்கட் சிந்தும் கார் என்றால் அது ரொம்ப முக்கியம். சோயாவில் செய்த உறை என்பதால்தான் எலி கடிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கெல்லாம் முன்பிருந்தே எலி வயரைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் முன்பற்கள் ஆயுசு முழுக்க வளரும், எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும்.

ஒரு கடியைக் கண்டதும் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று நிறுத்திவிடாதீர்கள். ஒரே ஒரு வயரைக் கடித்துவிட்டுப் போகிற எலி அபூர்வம். கருப்பு நெளிகுழாய்க்குள் ஓடும் வயர்களில் வெளியே சின்ன ஓட்டை மட்டும் தெரியும், உள்ளே நான்கு வயர் போயிருக்கும். குழாயை நீளவாக்கில் பிரித்தே பாருங்கள்.

கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றால், கார் பதிந்துவைத்த பழுதைப் படிக்கும் ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும், அதில் சொருகிப் போனில் பார்க்கும் சின்ன புளூடூத் ஸ்கேனரே இதற்குப் போதும். வருகிற கோடுகளை (பழுதைச் சொல்லும் எண்களை) எல்லாம் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் அழிக்க வேண்டும். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். பி0335 (P0335) என்று வந்தால், என்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார் போச்சு என்று புதுசு வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோடு சொல்வது கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான். சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர் (வயரைச் சொருகும் இணைப்பு), நடுவில் ஓடும் வயர், ஈசியு (என்ஜினை நடத்தும் கணினி) எல்லாம் சேர்ந்தது, எலி இருப்பது அந்த நடுவில். பி0201 முதல் பி0204 வரை இன்ஜெக்டர் சர்க்யூட்டுகள், அதற்கும் இதே கதைதான்.

இந்தக் கோடுகளை விட, ஸ்கேனர் அந்த நொடியில் காட்டும் நேரலை அளவுகள் இன்னும் நன்றாகப் பேசும். ஆறின என்ஜினில் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 என்று காட்டினால் அந்த வயர் அறுந்திருக்கிறது, பி0118 அதற்குத் துணையாக வரும். அதே இடத்தில் 130-ஐத் தாண்டிக் காட்டினால் அந்த வயர் எர்த்தில் (கார் பாடியில்) ஷார்ட் ஆகியிருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் சுழியத்திலேயே நின்றால் கிராங்க் சென்சார் வயரைத் தேடுங்கள். அளவைப் பார்த்துக்கொண்டே ஹார்னஸை அங்கங்கே மெல்ல ஆட்டுங்கள், என்ஜின் ஓடுகிறது என்றால் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையைத் தூரமாக வைத்துக்கொண்டு. எந்த இடத்தை ஆட்டும்போது எண் துள்ளுகிறதோ அங்கே பிரியுங்கள்.

சம்பந்தமில்லாத மூன்று நான்கு சென்சார்கள் ஒரே நேரத்தில் செத்துப்போனதாக ஸ்கேனர் சொன்னால் பயப்பட வேண்டாம். பல சென்சார்களுக்கு ஈசியு 5 வோல்ட்டை ஒரே பாதையில் அனுப்புகிறது, அந்த வயர் ஓரிடத்தில் பாடியைத் தொட்டாலே அத்தனையும் படுத்துவிடும். இக்னிஷன் ஆனில் ஒரு சென்சாரின் கப்ளரைக் கழற்றி 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சென்சாராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் அந்தச் சென்சார் பக்கம்தான் கோளாறு, எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் நடு ஹார்னஸில்.

யு என்று தொடங்கும் கோடுகள், உதாரணமாக யு0100, வந்தால், காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸைப் பாருங்கள். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர் அது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிக் கொஞ்சநேரம் விட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே அளந்தால் பெரும்பாலான கார்களில் 60 ஓம் ஒட்டி வரும். 120 வந்தால் ஒருபக்கம் அறுந்திருக்கிறது, சுழியம் ஒட்டி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

ஃபியூஸ் போட்டதும் எரிகிறது என்றால் பெரிய ஃபியூஸாகப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம், அடுத்து எரிவது வயர். அதற்குப் பதில் ஃபியூஸ் இருந்த இடத்தில், இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்ப் ஒன்றை இரண்டு வயரோடு மாட்டிவிடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். அந்த ஃபியூஸிலிருந்து கரண்ட் போகும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், ஹார்னஸை ஆட்டிப் பாருங்கள். பல்ப் எங்கே அணைகிறதோ, மங்குகிறதோ அங்கேதான் ஷார்ட். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, நம்பகமான வழி கிடையாது.

மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை முழுசாக நம்பாதீர்கள். இருபது இழையில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும், ஆனால் அந்த ஓர் இழையால் பெட்ரோல் பம்பை ஓட்ட முடியாது. பம்ப், ஹாரன், ஹெட்லைட் மாதிரியான கனத்த வயர் என்றால் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, அந்த வயர் வழியாக மட்டும் பேட்டரியிலிருந்து 21 வாட் பல்பை எரித்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் வயர் உள்ளே மெலிந்திருக்கிறது. ஈசியு இணைந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. எர்த் வயருக்கு இன்னும் சுலபம்: என்ஜின் ஓடி, ஹெட்லைட்டும் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே வோல்ட் பாருங்கள், 0.2-க்கு மேலே போனால் எர்த் சரியில்லை.

மஞ்சள் கப்ளரும் மஞ்சள் உறையும் ஏர்பேக்குக்குப் போகிறவை, மல்டிமீட்டரை வைத்தாலே பை வெடித்து விரியலாம். ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு கேபிள்கள் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ். இந்த இரண்டிலும் கடி தெரிந்தால் சர்வீஸ் சென்டர்தான், வேறு பேச்சில்லை.

ஒட்ட ஆரம்பிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ்காரரைக் கூப்பிட்டு, உங்கள் பாலிசியில் எலிக்கடி சேருமா என்று கேளுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் ஒன்றும் கிடைக்காது. சேரும் என்றால் சர்வேயர் பார்க்கும்வரை கை வைக்காதீர்கள்.

ஒட்டும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வயரை வெட்டுங்கள், பச்சை பூத்திருந்தால் இன்னும் உள்ளே வெட்ட வேண்டும். அதே கனத்தில் புதுத் துண்டு சேர்த்து, கிரிம்ப் செய்தோ (நசுக்கி இறுக்கியோ) ஈயம் வைத்தோ இணைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடுகாட்டி இறுக்குங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது அடுத்த மழைவரைதான் தாங்கும். பல வயர்கள் என்றால் இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்னும் பின்னுமாக வையுங்கள், கேன் வயர்களின் முறுக்கைக் குலைக்காதீர்கள். பிறகு கோடுகளை அழித்து, கொஞ்சதூரம் ஓட்டிவந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

ராத்திரி நிறுத்திவைத்ததில் பேட்டரி இறங்குகிறது என்றால் எங்கோ இன்னொரு கடி மிச்சம் இருக்கலாம். நெகட்டிவ் கேபிளோடு தொடராக மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் மாட்டி, கார் முழுசாகத் தூங்க அரைமணி நேரம் கொடுங்கள், இடையில் சாவியைத் தொடாதீர்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. கூட இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் குறைகிறது என்று பாருங்கள்.

எலி மருந்து வைக்காதீர்கள், அது ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் வயரிங்கை விடப் பெரிய தொல்லை. பொறி வையுங்கள். ஹோண்டா மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றே விற்கிறது, கிடைத்தால் ஒட்டிய இடங்களில் சுற்றலாம். ஆனால் உடனே சுற்றாமல், முதல் சில ராத்திரிகள் பேட்டரி மூடிமேல் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வையுங்கள். காலையில் கால் தடம் இருந்தால் அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது, பொறியை இடம் மாற்றி வையுங்கள், ஹார்னஸை அப்புறம் மூடிக்கொள்ளலாம்.